நாற்பதாம் நாளுக்குப் பின்

மரணம் ஒரு வீட்டிற்கு வந்து சென்ற பின்னர், அவ்வீட்டார் முன்னே இரண்டு கேள்விகள் எஞ்சி நிற்கின்றன. போனவர் ஏன் போனார் என்பது ஒன்று. போனவர்க்கு இனி நாம் செய்யக்கூடியது யாது என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு, 'இறைவனின் நாட்டம்' என்று விடை கூறி அமைதி கொள்கிறோம். அது ஈமானின் விடை. அதில் ஐயத்திற்கு இடமில்லை. இரண்டாம் கேள்விக்கு வழக்கமே விடை கூறிவிடுகிறது. மூன்றாம் நாள் வருகிறது. நாற்பதாம் நாள் வருகிறது. ஓதுகிறோம், உணவளிக்கிறோம், துஆச் செய்கிறோம்.

ஆயினும், புற்றுநோய்க்கு ஓர் உயிரைப் பறிகொடுத்த வீட்டில், இவ்விரு விடைகளுக்குப் பின்னும் உள்ளம் ஓய்வதில்லை. 'முன்னரே தெரிந்திருந்தால்?' என்னும் ஏக்கம், ஓதி முடித்த பின்னும் அவ்வீட்டின் மூலையில் அமர்ந்திருக்கிறது.

அத்தகைய வீடொன்றுக்கு அண்மையில் சென்றிருந்தேன். வீடு மணலியில். அவ்வீட்டின் தலைவரும் நானும் சுத்திகரிப்பு ஆலையில் நெடுங்காலம் ஒன்றாகப் பணியாற்றியவர்கள். அவர் சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். இப்போது அவருடைய மனைவியும் மார்பகப் புற்றுக்கு இரையாகிவிட்டார். மார்பில் கட்டி ஒன்று இருப்பதை அந்த அம்மையார் எட்டு மாதங்கள் எவரிடமும் கூறவில்லை. கூறுவதற்கு வெட்கம். கூறியபோது, நோய் எல்லை கடந்துவிட்டிருந்தது.

நாற்பதாம் நாளுக்கு முந்திய மாலை, அவருடைய மக்கள் இருவரும் என் முன்னே அமர்ந்து வழக்காடினார்கள். மூத்தவர் ஐந்நூறு பேருக்குச் சோறு ஆக்க வேண்டும் என்றார். இளையவர் அந்தப் பணத்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கொடுக்க வேண்டும் என்றார்.

"காக்கா, உம்மாவைக் கொன்ற நோயை ஒழிக்க அந்தப் பணம் போகட்டும். அதைவிட உம்மாவுக்கு என்ன மரியாதை?" என்றார் இளையவர்.

"உம்மாவின் பெயரால் நாலு ஏழை வயிறு குளிரட்டும், தம்பி. ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குழாய். அதில் யார் பசி தீரும்?" என்றார் மூத்தவர். பிறகு என்னை நோக்கி, "மாமா, நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

நான் அன்று கூறியது கொஞ்சம். பின்னர் எண்ணிப் பார்த்தது மிகுதி. அதனையே இங்கு எழுதுகிறேன்.

கிணறும் கல்வியும்

இறந்தவர் பொருட்டுத் தருமம் செய்வது நமக்குப் புதிய வழக்கமன்று. தம் தாய் இறந்த பின், அவர் பொருட்டுச் செய்யும் தருமங்களில் எது சிறந்தது என்று வினவினார் ஸஅது இப்னு உபாதா (ரலி) அவர்கள். தண்ணீர் என்று விடை பகர்ந்தார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். உடனே அவர் தம் தாயின் பெயரால் கிணறு ஒன்று தோண்டினார். இதை நம் பிள்ளைகளுக்கு மதரஸாவிலேயே சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் அதனுள் இருக்கும் நுட்பத்தை நாம் போதிய அளவு எண்ணியதில்லை.

சோறு, உண்டவரோடு முடிகிறது. கிணறோ, தோண்டியவர் போன பின்னும் ஊறுகிறது. அதில் நீர் அருந்தப் போகிறவர் யார் என்பது தோண்டியவருக்குத் தெரியாது. நன்றி கூற அவர் வருவார் என்ற எதிர்பார்ப்பும் இல்லை. முகம் அறியாத தாகத்திற்காக மண்ணைத் தோண்டுவதே நிலையான தருமத்தின் இயல்பு. மனிதன் இறந்த பின்னும் அவனுக்கு நன்மை சேர்க்கும் செயல்கள் மூன்று என்று எண்ணிக் காட்டிய நபிமொழியில், ஸதகத்துல் ஜாரியாவுக்கு அடுத்துப் பயனளிக்கும் கல்வி இடம்பெற்றிருப்பதும் இதனாலேயே அன்றோ?

மருந்தில்லாத நோயை இறைவன் இறக்கவில்லை என்பதும் நபிமொழியே. அதை அறிந்தவர் அறிந்தார். அறியாதவர் அறியாது போனார் என்றும் அது தொடர்கிறது. இச்சொல் நோயாளிக்கு ஆறுதல். நோயற்ற நமக்கோ ஒரு கடமை. மருந்து இருக்கிறது, ஆனால் அறியப்படவில்லை என்றால், தேடுவது எவர் பொறுப்பு? தேடுவோருக்குத் துணை நிற்பது எவர் பொறுப்பு?

ஒரு தமக்கையின் துயரம்

நம் சென்னையிலேயே இக்கேள்விக்குத் தம் வாழ்நாளால் விடை கூறிய பெண்மணி ஒருவர் இருந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களை, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர் என்றும், சட்டமன்றத்தில் அமர்ந்த முதற் பெண்மணி என்றும் நாம் அறிவோம். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவருடைய வீட்டிற்குள்ளேயே புற்றுநோய் புகுந்தது. அவருடைய தங்கைக்கு வந்திருந்தது மலக்குடற் புற்று. அதனை வயிற்றுக்கடுப்பு எனத் தவறாகக் கருதிச் சிகிச்சை அளித்தார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. 1923-இல் தங்கை மறைந்தார்.

மருத்துவரின் வீட்டிலேயே நோய் இன்னதென்று தெரியவில்லை என்றால், குற்றம் யாருடையது? அவர் எவரையும் பழித்துக்கொண்டு அமரவில்லை. அன்றைய மருத்துவ அறிவின் குறையைக் கண்டார். 1925-இல் லண்டன் சென்றபோது அங்குள்ள புற்றுநோய் மருத்துவமனையில் இத்துறையைப் பயின்றார். 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற தம் எண்ணத்தை வெளியிட்டார். புற்றுநோய் கண்டவர் சாகத்தானே போகிறார், அவருக்கு மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்களும் இருந்தனர். 1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதியைத் தொடங்கினார். 1952-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது.

தங்கை இறந்ததற்கும் நிலையம் திறந்ததற்கும் இடையே முப்பத்தொரு ஆண்டுகள்! துயரத்தை ஒரு நாளில் செலவழித்துவிடாமல், முப்பத்தொரு ஆண்டுகள் அணையாது காத்து, பிறருக்கு விளக்காக்கியிருக்கிறார் அவர். தங்கைக்குத் தமக்கை செய்த மரியாதை அது. அவ்வம்மையார் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவரல்லர். எனினும், அந்த நிலையத்தின் வாயிலில் காத்திருப்போர் வரிசையில் நம் பெண்களும் நிற்கிறார்கள். கிணற்று நீர் யாரையும் சமயம் கேட்பதில்லை.

பலன் எங்கே முளைக்கும்?

"ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் பலன் என்று வரும்?" என்று அன்று மூத்தவர் கேட்டார். நேர்மையான கேள்வி. என்று வரும் என எவராலும் கூற இயலாது என்பதே நேர்மையான விடை.

சர் தோராப்ஜி டாடாவின் துணைவியார் மெஹர்பாய் 1931-இல் இரத்தப் புற்றால் இறந்தார். மறு ஆண்டே, மனைவியின் பெயரால் அறக்கட்டளை ஒன்றை நிறுவி, அந்நோயை ஆராயும் உலக அறிஞர்களுக்கு உதவ வழிவகுத்தார் தோராப்ஜி. அதே ஆண்டில் அவரும் மறைந்தார். அன்று இரத்தப் புற்றைக் குணமாக்கும் மருந்து உலகில் எங்கும் இல்லை. தாம் நட்ட மரத்தில் ஓர் இலையைக்கூட அவர் காணவில்லை.

இனி மற்றொருவரைக் காண்போம். எல்லப்பிரகட சுப்பாராவ் என்பவர் 1895-இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். 'ஸ்ப்ரூ' எனப்படும் குடல் நோய் தம் உடன்பிறந்தாரைக் கொண்டுபோகக் கண்ட அவர், 1923-இல் அமெரிக்கா சென்று ஆராய்ச்சியில் மூழ்கினார். அந்நோய்க்கு உதவும் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உண்டாக்கும் பணியில் அவர் தலைமையிலான குழுவினர் 1940-களில் வெற்றி கண்டனர். அத்துடன் நின்றிருந்தால், உடன்பிறந்தாருக்கு அவர் செய்த கடன் தீர்ந்தது எனலாம். ஆனால் பாஸ்டன் நகரில் டாக்டர் சிட்னி ஃபார்பர் என்பவர், இரத்தப் புற்றுள்ள குழந்தைகளுக்கு இவ்வகைப் பொருளைக் கொடுத்தபோது நோய் விரைந்து வளரக் கண்டார். வளர்க்கும் பொருளுக்கு எதிரான பொருளைக் கொடுத்தால் நோய் ஒடுங்குமோ என எண்ணினார். அந்த எதிர்ப் பொருள்களையும் சுப்பாராவின் குழுவினரே ஆக்கித் தந்தனர். 1948-இல், குழந்தைகளின் இரத்தப் புற்று சில காலமேனும் அடங்கியதாக ஃபார்பர் உலகுக்கு அறிவித்தார். அவ்வாண்டிலேயே சுப்பாராவ் மறைந்தார்.

அந்த அடக்கம் நிலைக்கவில்லை, நோய் திரும்பியது. எனினும் கதவு திறந்துவிட்டது. அவ்வழியே சென்றதால்தான், குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றில் பெரும்பாலானவற்றை நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில் இன்று குணப்படுத்த முடிகிறது. குடல் நோய்க்காகத் தோண்டிய கிணற்றின் நீர், இரத்தப் புற்றுள்ள குழந்தையின் தாகம் தீர்க்கச் சென்றது! ஆராய்ச்சியின் பலன் கொடுத்தவர் எண்ணிய இடத்தில்தான் முளைக்கும் என்பதில்லை. முளைக்காமலே போவதும் உண்டு. அதனாலேயே அதற்குக் கொடுப்பது, கைம்மாறு கருதாத கொடையின் தூய வடிவம் என்று நான் கருதுகிறேன்.

இன்றைய நோயாளியின் உரிமை

இவ்வளவு கூறியும் மூத்தவரின் வாதத்தில் ஒரு பகுதியை என்னால் தள்ள இயலவில்லை. இன்று, இப்போது, சிகிச்சைக்குப் பணமின்றி மருத்துவமனைத் திண்ணையில் படுத்திருப்பவரின் உரிமை என்னாவது? நாளைய நோயாளிக்காக இன்றைய நோயாளியைக் கைவிடலாமா?

கூடாது. ஜக்காத்துக்கு உரியோர் இன்னின்னார் என்று திருமறை வரையறுத்திருக்கிறது. ஏழையும் வறியவரும் அதில் முதலிடத்தில் நிற்கின்றனர். அவர்களுடைய பங்கை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப நமக்கு உரிமையில்லை. ஆராய்ச்சிக்குச் செல்ல வேண்டியது அதற்கு மேற்பட்ட ஸதகா. ஐந்நூறு பேர் விருந்துக்கு ஒதுக்கியது அத்தகைய பணந்தானே? அவ்விருந்தில் அமர்வோரில் எத்தனை பேர் ஏழைகள், எத்தனை பேர் நம் சம்பந்திகள் என்பதை அவரவர் நெஞ்சே அறியும்.

மேலும், சிகிச்சையும் ஆராய்ச்சியும் எப்போதும் எதிரெதிர்க் கரைகளில் நிற்பவை அல்ல. அடையாற்று நிலையத்தில் டாக்டர் சாந்தாவும் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் வாய்ப்புற்று நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தனர். கதிர்ச் சிகிச்சை மட்டும் பெற்றோர் ஒரு சாரார். அத்துடன் 'பிளியோமைசின்' மருந்தும் பெற்றோர் மற்றொரு சாரார். இரண்டும் சேர்ந்ததே கூடுதல் பயன் தந்தது என்னும் முடிவை 1980-இல் வெளியிட்டனர். வெற்றிலையும் புகையிலையும் மென்று வாயைப் புண்ணாக்கிக்கொண்ட நம் எளிய மக்களுக்குப் பயன்பட்ட ஆராய்ச்சி அது. கண்ணாடிக் குழாயில் மட்டும் அது நடைபெறவில்லை. கட்டிலின் அருகே நடைபெற்றது.

இருவகையினரை ஒப்பிட்டு உண்மை காணும் இம்முறை நம் முன்னோர்க்கும் அந்நியமானதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அர்ராஸி என்னும் பேரறிஞர், மூளைக்காய்ச்சலின் அறிகுறி கண்ட நோயாளிகளில் ஒரு சாராருக்குக் குருதி வடித்தும், மற்றொரு சாராரை வேண்டுமென்றே விடுத்தும் ஒப்பிட்டுப் பார்த்ததாகத் தம் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

பணத்தைவிட அரியது

இங்கேதான் இளையவரின் வாதத்திலும் ஒரு குறையைக் கண்டேன். பணம் கொடுக்க அவர் முன்வந்தார். ஆனால், உம்மாவுக்கு என்ன நோய் என்று ஊரார் கேட்டபோது, அவரும் காக்காவும் ஒரே விடையைத்தான் கூறிவந்தனர்: "வயதாகிவிட்டது, உடம்பு தாங்கவில்லை." ஏன் அவ்வாறு கூறுகிறீர்கள் என்றேன். தங்கையின் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம், மாமா என்றார்கள் இருவரும். நோயை ஒழிக்கப் பணம் கொடுக்கத் துணிவுண்டு; அதன் பெயரைச் சொல்லத் துணிவில்லை!

அதே இளையவர் அன்று இன்னொன்றும் கூறினார். இருட்டிவிட்ட வானில் ஆலையின் தீச்சுடர் எரிந்துகொண்டிருந்ததைச் சுட்டிக்காட்டி, "இந்தப் புகைதான் உம்மாவைக் கொன்றது" என்றார். 1969-இல் சுத்திகரிப்பு ஆலையும், அதனை அடுத்து உரத் தொழிற்சாலையும் பிறவும் மணலியில் இயங்கத் தொடங்கின. அவை நமக்குச் சோறு போட்டன. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டில் மிக மோசமாக மாசடைந்த தொழிற்பகுதிகளில் ஒன்றாக மணலியைச் சேர்த்தது. மாசடைந்த காற்று புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த ஆராய்ச்சி அமைப்பு 2013-இல் அறிவித்தது; நுரையீரற் புற்றுக்கே அதன் சான்று வலுவானது. ஆகவே அவர் ஐயம் அடிப்படையற்றதன்று. எனினும், தம் தாயின் மார்பகப் புற்றுக்கு அப்புகையே காரணம் என்று அவரால் நிலைநாட்ட இயலுமா? இயலாது. ஒரு மரணம் சாட்சியாகாது. மணலியில் எத்தனை பேருக்கு, எவ்வயதில், எவ்வகைப் புற்று வந்தது, அது பிற ஊர்களைவிட மிகுதியா என்று ஆண்டுக்கணக்கில் எண்ணி ஒப்பிட்டால்தான் உண்மை புலப்படும். புகை குற்றவாளியென்றால் அப்போதுதான் கூண்டில் நிறுத்த முடியும். குற்றமற்றதென்றால் வேறு காரணத்தைத் தேட முடியும்.

அந்த எண்ணிக்கை நடைபெறாமலில்லை. 1981-இல் தேசிய புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் தொடங்கியதை ஒட்டி, அடையாற்று நிலையம் சென்னை நகரத்திற்கான பதிவேட்டை நடத்தி வருகிறது. பணியாளர்கள் மருத்துவமனைதோறும் சென்று நோயாளிகளின் விவரம் திரட்டுகின்றனர். இறப்புப் பதிவுகளோடு ஒத்துப் பார்க்கின்றனர். தொடக்கத்தில் சென்னைப் பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றே முதலிடம் பெற்றிருந்தது. பின்னர் அது குறைந்து, மார்பகப் புற்று முன்னேறிவிட்டது என்பதை நமக்குக் கூறியது இப்பதிவேடே. எந்த நோயை முன்கூட்டிக் கண்டறிய முயல வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு வழிகாட்டி ஏது? மணலி மாநகராட்சியோடு இணைந்தது 2011-இல்தான். நம் பகுதியின் கதை இனித்தான் முழுமையாக எழுதப்பட வேண்டும்.

புற்றென்று சொல்லாமல், 'இருதயம் நின்றுவிட்டது' என்று இறப்புப் பதிவில் எழுதச் செய்யும் ஒவ்வொரு குடும்பமும் அந்தக் கதையிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துவிடுகிறது. சாட்சியத்தை மறைக்கலாகாது என்பது மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த பாடம். நோயாளியின் வரலாறும் ஒரு சாட்சியமே. நோய் பாவமன்று, இழிவன்று. அதனை இழிவாக்கியது நம் மௌனம். எட்டு மாதங்கள் அத்தாயின் வாயைக் கட்டிப்போட்ட வெட்கமே, அவர் இறந்த பின் மக்களின் வாயையும் கட்டிப்போட்டது. பாட்டிக்கு வந்தது என்ன நோய் என்று பேத்திக்குத் தெரியாவிட்டால், அவளுக்கு ஒரு கட்டி தோன்றும் நாளில் அவளும் எட்டு மாதங்கள் காத்திருக்கமாட்டாள் என்பதற்கு உறுதி எங்கே?

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. சொல்வது வேறு, பறிப்பது வேறு. 1951-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் ஏழைக் கறுப்பினப் பெண்மணி கருப்பை வாய்ப் புற்றால் இறந்தார். அவருடைய கட்டியிலிருந்து எடுத்த உயிரணுக்கள் ஆய்வுக்கூடங்களில் பல்கிப் பெருகி, எண்ணற்ற ஆராய்ச்சிகளுக்கு உதவின. ஆனால் அவரிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. குடும்பத்தாருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. பலன் பெரிதாயினும் செய்த முறை தவறு. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதிலிருந்து ஒரு துளியை ஆய்வுக்குத் தருவதென்றால், அறிந்து, உணர்ந்து, விரும்பித் தர வேண்டும். கேட்டுப் பெறுவதே அறிவியலுக்கும் அழகு.

மூன்று பங்கு

அன்றிரவு நான் அந்தச் சகோதரர்களிடம் கூறியது இவ்வளவே. "ஐந்நூறு பேருக்கு ஆக்கும் சோற்றை நூறு ஏழைகளுக்கு ஆக்குங்கள். மிச்சத்தில் ஒரு பங்கை, உங்கள் உம்மாவுக்கு வந்த நோயால் வாடும் ஏழைப் பெண்ணின் சிகிச்சைக்குக் கொடுங்கள். மற்றொரு பங்கை ஆராய்ச்சிக்குக் கொடுங்கள். பெயர்ப் பலகை கேட்காதீர்கள். நாளை துஆவுக்கு வருவோரிடம், உம்மா மார்பகப் புற்றால் இறந்தார் என்று சொல்லுங்கள்."

மூத்தவர் நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் துஆ முடிந்தது. எழ இருந்தவர்களை அமர்த்தி, அவரே சொன்னார். இரண்டு வாக்கியங்கள்தாம். குரல் தடுமாறிற்று. திரைக்கு அப்பால், பெண்கள் அமர்ந்திருந்த பகுதியில் சிறிது நேரம் அமைதி நிலவியது. பின்னர் ஒரு மூதாட்டி, தம் நாத்தனாருக்கும் அதே நோய்தான் என்றார். இன்னொருவர், தமக்கு ஒரு வலி இருப்பதாக மெல்லிய குரலில் கூறினாராம். அவ்வாரமே அவரைப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றார் அந்த வீட்டுப் பெண். அதன் முடிவை நான் கேட்கவில்லை, கேட்பதும் முறையன்று.

ஆராய்ச்சிக்குச் சென்ற பணம் என்ன கனி தரும் என்பது இறைவனுக்கே வெளிச்சம். ஆனால், அந்த இரண்டு வாக்கியங்கள் அன்றே ஒரு பெண்ணின் நாவைத் திறந்துவிட்டன. கிணற்றின் முதல் ஊற்று அது.

மறைந்த நம் அன்பர்களின் கபுர்களை எல்லாம் வல்ல அல்லாஹ் ஒளிமிக்கதாக்குவானாக! அவர்களுடைய நோயை மறைக்காமல் உரைக்கும் துணிவையும், அதன் மருந்தைத் தேடுவோருக்குத் துணை நிற்கும் மனத்தையும் நமக்கு அருள்வானாக!